இஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம்: ஒரு கூட்டுக் கலைத்தொகுப்பும் அதன் பெயர்களும்

சென்னைத் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் இஞ்சம்பாக்கம். 'பாக்கம்' என்பது நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரின் கடலோரப் பகுதி மருவூர்ப்பாக்கம் எனப்பட்டதை இங்கு நினைக்கலாம். 1960களில் மணல்வெளியும் சவுக்குத் தோப்புமாக இருந்த இவ்வூரில், 1966ஆம் ஆண்டு ஓவியரும் சிற்பியரும் கூடித் தமக்கென ஒரு குடியிருப்பை நிறுவினர். சோழமண்டலம் என வழங்குவது அதுவே. நகருக்கு வெளியே இருந்த இஞ்சம்பாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தனித்திருக்கும் பொருட்டுத் தேர்ந்த இடம் நாற்பத்தைந்து ஆண்டுகளில் நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

இக்குடியிருப்பில் இருவகையான பொதுத் தொகுப்புகள் உள்ளன. ஒன்று, மரநிழலில் திறந்தவெளியில் நிற்கும் சிற்பங்கள். மற்றொன்று, 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியங்களும் சிற்பங்களும். இரண்டும் அரசு தொகுத்தவை அல்ல. செல்வர் ஒருவர் விலைக்கு வாங்கிச் சேர்த்தவையும் அல்ல. கலைஞர்களின் கூட்டுமுயற்சியால் உருவாகி, அக்கூட்டின் பொறுப்பிலேயே காக்கப்படுபவை. இவ்வகையில் இந்தியாவில் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

இதுபற்றி ஆங்கிலத்தில் நூல்களும் கட்டுரைகளும் பல வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தென்னிந்திய நவீன ஓவியத்தின் வளர்ச்சியில் இக்குடியிருப்பு வகிக்கும் இடத்தை ஆராய்பவை. மொழி நோக்கில் இது போதிய கவனம் பெற்றதாகத் தோன்றவில்லை. தமிழ் மண்ணில், தமிழர் நாள்தோறும் கடந்து செல்லும் சாலையோரத்தில் உள்ள இத்தொகுப்பின் பொருள்கள் பெரும்பாலும் ஆங்கிலத் தலைப்புகளாலேயே அறியப்படுகின்றன. மக்கள் வழக்கில் அவற்றுக்குப் பெயர் அமையவில்லை. பொதுவிடத்துச் சிலைகளுக்குப் பெயரிடுவதில் சென்னை மக்கள் தயக்கம் காட்டியவர்கள் அல்லர். அவ்வாறிருக்க இங்கு மட்டும் பெயர் ஏன் எழவில்லை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. அதற்கான விடை இக்குடியிருப்பின் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

சிலையும் சிற்பமும்

மெரினாக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலைத்தொகுதி ஒன்று இவ்வினாவைத் தெளிவாக்க உதவும். பெரும்பாறை ஒன்றை நால்வர் பெயர்க்க முயலும் காட்சியை உருவாக்கியவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி (1899-1975). வங்காளத்தவரான இவர் 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஆங்கிலத்தில் இவர் இட்ட தலைப்பை நேராகப் பெயர்த்தால் 'உழைப்பின் வெற்றி' என வரும். ஆனால் சென்னை மக்கள் இதனை 'உழைப்பாளர் சிலை' என்றே வழங்குகின்றனர், அவ்வழக்கே நிலைபெற்றும்விட்டது.

இது பிழையான மொழிபெயர்ப்பு அன்று. இது மொழிபெயர்ப்பே அன்று எனலாம். 'சிலை' என்னும் சொல்லுக்கு முன் அடையாக வரும் பெயர் தமிழில் இருவகையாகவே பெரிதும் அமைகிறது. ஒன்று, சிலை எதனால் ஆனது என்பது: கற்சிலை, வெண்கலச் சிலை, ஐம்பொன் சிலை. மற்றொன்று, சிலை யாரைக் காட்டுகிறது என்பது: காந்தி சிலை, கண்ணகி சிலை, வள்ளுவர் சிலை. கருத்தைக் குறிக்கும் பண்புப்பெயர் அல்லது தொழிற்பெயர் இவ்விடத்தில் இயல்பாக வந்து பொருந்துவதில்லை. 'வெற்றிச் சிலை' என்றால் வெற்றி என்னும் பெயருடைய ஒருவரின் சிலையோ என்றே கேட்பவர் எண்ணுவர். எனவே 'உழைப்பு' என்னும் கருத்து 'உழைப்பாளர்' என ஆட்பெயராக மாறியது. மாற்றியது எந்தக் குழுவும் அன்று, மொழியின் இயல்பே. சிலை என்பது அடிப்படையில் கல்லைக் குறிக்கும் சொல்லாக இருந்தும் வெண்கலத்தையும் அதுவே குறிக்க வந்தது தனிக்கதை. 'உழைப்பாளர் சிலை' என்று சொல்பவர் எவரும் அதில் கல் இல்லையே என்று மயங்குவதில்லை.

'சிற்பம்' என்னும் சொல்லின் நடப்பு வேறு. அதற்கு முன் வரும் அடை பெரும்பாலும் இடத்தையோ, காலத்தையோ, செய்தவரையோ சுட்டும்: மாமல்லபுரச் சிற்பம், பல்லவர் சிற்பம், தனபால் சிற்பம். 'காந்தி சிலை' என்றால் காந்தியைக் காட்டுவது. 'தனபால் சிற்பம்' என்றால் தனபால் செய்தது. இது விலக்கில்லாத விதி அன்று. புத்தர் சிற்பம், நடராசர் சிற்பம் என்னும் வழக்குகளும் உள்ளன. எனினும் பொதுப்போக்கு இதுவே. காட்டப்படுவது தெளிவாக இருக்கும்போது சிலை. செய்நேர்த்தி முன்நிற்கும்போது சிற்பம்.

சோழமண்டலத்தில் நிற்பவற்றை எவரும் சிலை என்பதில்லை. அவை யாரையும் காட்டவில்லை. அல்லது யாரைக் காட்டுகின்றன என்று பார்த்த அளவில் சொல்ல இயலவில்லை. ஆகவே அவை சிற்பங்கள் ஆயின. சிற்பம் ஆனதும் செய்தவர் பெயரால் சுட்டப்பட்டன. செய்தவர் பெயரோ கலையுலகினர் மட்டுமே அறிந்த ஒன்று. மக்கள் வாயில் பெயர் எழாமைக்கு இலக்கணம் தரும் காரணம் இது. வரலாறு தரும் காரணம் இதனினும் விரிவானது.

மெழுகும் சாயமும்

சென்னைக் கலைப்பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவரால் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க நோக்கம் ஓவியரை உருவாக்குவது அன்று, கைவினைஞரைப் பயிற்றுவதே. ராய் சௌத்ரியின் காலத்தில் பள்ளி கைத்தொழிலிலிருந்து நுண்கலைப் பக்கம் திரும்பியது. 1957இல் அவருக்குப்பின் தலைமையேற்ற கே. சி. எஸ். பணிக்கர் (1911-1977) அவருடைய மாணவரே. கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. 1944இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவர்.

பணிக்கர் எதிர்கொண்ட சிக்கல் எளிமையானது, ஆனால் கடுமையானது. கல்லூரியில் தேர்ந்து வெளிவரும் இளைஞர் பிழைப்பது எவ்வாறு? பம்பாயிலும் டெல்லியிலும் நவீன ஓவியத்தை வாங்குவோர் ஓரளவேனும் இருந்தனர். சென்னையில் அத்தகையோர் மிகக் குறைவு. திறன்மிக்க மாணவர் விளம்பர நிறுவனங்களிலோ நெசவுத்துறை வடிவமைப்பிலோ வேலைக்குச் சேர்ந்து, சில ஆண்டுகளில் ஓவியத்தைக் கைவிட்டனர். இதற்குப் பணிக்கரும் அவர்தம் மாணவரும் கண்ட வழி, கல்லூரியின் தொடக்ககால நோக்கத்தை நினைவூட்டுவது. நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்குத் தந்து பொருளீட்டுவது. எஞ்சிய பகுதியை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் தருவது. இதற்கெனக் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று 1960களின் முற்பகுதியில் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 40 பேர் அதில் இணைந்தனர்.

அவர்கள் தேர்ந்த கைவினைகளுள் பெரிதும் பயன் தந்தது பாத்திக். துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களை உருகிய மெழுகால் மூடி, சாயத்தில் தோய்த்து, பின்னர் மெழுகை நீக்குவது இதன் முறை. நிறத்துக்கு ஒருமுறை இது திரும்பச் செய்யப்படும். மெழுகு உலர்ந்து விரிசல் விடும் இடங்களில் சாயம் நுழைந்து நரம்பு போன்ற மெல்லிய கோடுகளை விட்டுச் செல்லும். இக்கோடுகளை முழுவதும் கட்டுப்படுத்த இயலாது. கை வரைந்ததும் தற்செயலாய் நேர்ந்ததும் ஒரே துணியில் கலந்து நிற்கும். வண்ணக்கலவையையும் கோட்டையும் நன்கறிந்த ஓவியர் செய்த பாத்திக், சந்தையில் கிடைத்த பிறவற்றைவிட மேம்பட்டிருந்ததில் வியப்பில்லை. கண்காட்சிகளில் நன்கு விற்றது. அவ்வருவாயே நிலம் வாங்க உதவியது. 1964இல் வாங்கத் தொடங்கிய நிலம், ஏறத்தாழ 10 ஏக்கர் அளவினதாக விரிந்தது. அதில் ஓவியர் தத்தம் மனைகளில் சிறுவீடுகளைக் கட்டிக்கொண்டனர். பட்டறை, காட்சிக்கூடம் போன்றவை பொதுவாக இருந்தன. பின்னாளில் அமைந்த திறந்தவெளி அரங்குக்குப் பாரதியின் பெயர் சூட்டப்பட்டது.

அரசின் கொடைக்குக் காத்திராமல், துணியில் தீட்டிய மெழுகைக் கொண்டு ஓர் ஊரையே கட்டியெழுப்பியது சிறிய செயல் அன்று. ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. பாத்திக் வாங்கியோரும், பின்னர் ஓவியம் வாங்கியோரும் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த நகரத்தாரும் வெளிநாட்டினருமே. விற்பனைப் பட்டியல், அழைப்பிதழ், கண்காட்சிக் குறிப்பு யாவும் அவர்களை நோக்கியே அமைய வேண்டியிருந்தன. கலைஞர் பிழைக்க ஆங்கிலம் வேண்டியிருந்தது. தொகுப்பின் பெயர்மொழி ஆங்கிலம் ஆனதற்கு இது முதற்காரணம்.

பல தாய்மொழியர் கூடிய ஊர்

இரண்டாம் காரணம் குடியேறியோரின் மொழிநிலை. பணிக்கர், கே. வி. ஹரிதாசன், வி. விஸ்வநாதன் ஆகியோர் மலையாளிகள். எம். ரெட்டெப்ப நாயுடு தெலுங்கர். எஸ். ஜி. வாசுதேவ் மைசூரில் பிறந்த கன்னடர். ஜே. சுல்தான் அலி பம்பாயில் பிறந்தவர். பி. வி. ஜானகிராம், எம். சேனாதிபதி, கே. ராமானுஜம் ஆகியோர் தமிழ்நாட்டினர். சென்னை மாகாணத்தின் மொழிப்பரப்பு 1956இல் மாநிலங்களாகப் பிரிந்த பின்னரும், அம்மாகாணத் தலைநகரின் கலைக்கல்லூரி பழைய பரப்பிலிருந்தே மாணவரை ஈர்த்துக்கொண்டிருந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்து பத்தாண்டுகள் கழித்து, தமிழ்நாட்டுக் கடற்கரையில் தென்னிந்திய மொழிகள் ஒரே தெருவில் புழங்கிய சிற்றூர் ஒன்று தோன்றியது வரலாற்றின் சுவையான முரண்.

இவர்களுக்குள் பேச்சு பல மொழிகளில் நடந்திருக்கலாம். எழுத்து என வரும்போது ஆங்கிலமே பொதுவாயிற்று. முற்போக்கு ஓவியர் சங்கம் 1961 முதல் வெளியிட்ட 'ஆர்ட்டிரெண்ட்ஸ்' இதழ் ஆங்கிலத்திலேயே வந்தது. சென்னை ஓவியரின் கொள்கை, விவாதம், தன்விளக்கம் ஆகியவற்றுக்கு அதுவே முதன்மை ஆவணம். பிற்காலத்துத் திறனாய்வாளர் ஜோசப் ஜேம்ஸ் போன்றோரின் நூல்களும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. எவர் தாய்மொழியும் அல்லாத ஒரு மொழி எல்லோருக்கும் பொதுவானது. அதனால் எவர்க்கும் மனக்குறை இல்லை. எவர் மொழிக்கும் கலைச்சொல் வளரவும் இல்லை.

ஊர்ப்பெயரே இதனைக் காட்டும். 'சோழமண்டலம்' என்பது சோழர் ஆட்சிப் பரப்பைக் குறித்த பழம்பெயர். ஐரோப்பியர் கீழைக்கடற்கரைக்கு இட்ட 'கோரமண்டல்' என்னும் பெயர் இதன் திரிபு என்பது பெரும்பான்மையோர் கருத்து. வேறு மூலம் கூறுவோரும் உளர். குடியிருப்பினர் ஆங்கிலத்தில் தேர்ந்த வடிவம் ஈற்று 'அம்' நீங்கிய 'சோழமண்டல்'. இப்பெயரில் முற்பகுதி தமிழாகவும் ஈறு ஐரோப்பியர் நாவில் தேய்ந்த வடிவமாகவும் நிற்கின்றன. தமிழில் எழுதுவோர் சிலர் 'சோழமண்டல்' என்றும், சிலர் 'சோழமண்டலம்' என்றும் எழுதுகின்றனர். ஆங்கிலம் வழியே சென்று திரும்பிய தமிழ்ப்பெயரை மீட்டெழுதுவதா, திரும்பி வந்த வடிவிலேயே எழுதுவதா என்னும் இச்சிக்கல் மொழிபெயர்ப்பாளர் நன்கறிந்ததே. மீட்டெழுதுவதே இக்கட்டுரையில் பின்பற்றப்படுகிறது.

பெயரின் பிற்பகுதி மேலும் சிக்கலானது. ஆங்கிலத்தில் 'கலைஞர்களின் கிராமம்' எனப் பொருள்படும் தொடரால் இவ்விடம் அறியப்படுகிறது. தமிழில் 'கலைஞர் கிராமம்' என்றால், தமிழ்நாட்டு அரசியல் வரலாறு அறிந்த எவரும் மு. கருணாநிதியின் பெயரால் அமைந்த குடியிருப்பு என்றே கொள்வர். பொதுப்பெயர் ஒன்று ஒருவரின் சிறப்புப்பெயராக நிலைபெற்றபின், பழைய பொதுப்பொருளில் அதனை ஆள்வது எளிதன்று. 'ஓவியர் கிராமம்' என்பது இம்மயக்கத்தைத் தவிர்க்கும். ஆனால் சிற்பியர் அதில் விடுபடுவர். ஜானகிராமையும் நந்தகோபாலையும் விட்டுவிட்டு இவ்வூரைப் பேசுதல் இயலாது.

'கூட்டுத் தொகுப்பு' என இக்கட்டுரைத் தலைப்பில் ஆண்ட தொடருக்கும் விளக்கம் வேண்டும். 'கம்யூனிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் 'சமூகம்', 'சமுதாயம்' என்பன வழக்கமான பெயர்ப்புகள். தமிழ்நாட்டில் இவை இரண்டும், அந்த ஆங்கிலச் சொல்லும்கூட, சாதியைக் குறிக்கும் இடக்கரடக்கலாக வழங்குகின்றன. 'சமுதாயக் கலைத்தொகுப்பு' என எழுதினால் எந்தச் சமுதாயத்தினர் தொகுப்பு என்னும் கேள்வி எழக்கூடும். பல சாதியும் பல சமயமும் கலந்த ஒரு குடியிருப்புக்கு அப்பெயர் பொருந்தாது. கல்வெட்டுகளில் பயிலும் 'ஊர்ப்பொது' என்னும் சொல் இதற்கு மிக நெருங்கியது. ஊரார் கூடும் இடத்தைக் குறித்த 'மன்றம்' என்னும் சங்ககாலச் சொல்லும் பொருந்தியிருக்கும். இன்று அது இரசிகர் மன்றத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

எழுத்து உருவான கதை

இவ்வளவு மொழிகளுக்கு நடுவே வாழ்ந்தோர், எழுத்தையே ஓவியப் பொருளாகக் கொண்டது தற்செயலாகத் தெரியவில்லை. 1963 அளவில் பணிக்கர் ஒரு புதிய ஓவிய வரிசையைத் தொடங்கினார். 'சொற்களும் குறிகளும்' எனத் தமிழில் சொல்லத்தக்க தலைப்பால் அது அறியப்படுகிறது. ஓவியப்பரப்பெங்கும் சிறிய எழுத்துகள் வரிவரியாக நிறைந்திருக்கும். இடையிடையே எண்கள், அட்டவணைக் கட்டங்கள், சாதகக் கட்டம் போன்ற வரைவுகள், பறவை, பாம்பு முதலியவற்றின் சிற்றுருவங்கள். முதல் நோக்கில் பழைய ஏட்டுச்சுவடியைப் பெரிதாக்கி வைத்தாற்போன்ற தோற்றம். எழுத்துகள் பெரும்பாலும் மலையாள வரிவடிவை ஒத்தவை. மலையாளம் அறிந்தவர் ஆவலோடு நெருங்கிப் படிக்க முயல்வார். எழுத்து எழுத்தாகத் தெரியும், சொல்லாகத் திரளாது.

இங்கு நேர்வது என்ன? எழுத்தறியாதவர் சுவடியைப் பார்க்கும்போது கோடும் சுழியும் அணியும் இடைவெளியும் மட்டுமே காண்பர். எழுத்தறிந்தவர்க்கு அப்பார்வை ஒருமுறை இழந்தால் மீளாது. எழுத்தைக் கண்டதும் கண் படிக்கத் தொடங்கிவிடும். படிக்கத் தூண்டிவிட்டுப் படிக்க முடியாமல் செய்வதன் வழியே, பணிக்கர் எழுத்தறிந்தவரை எழுத்தறியாதவர் நிலைக்கு மீட்டுச் செல்கிறார். அந்நிலையில் வரிவடிவின் அழகு முதன்முறையாகக் கண்ணுக்குப் படுகிறது. ஒலியையும் பொருளையும் கழற்றிவிட்டு வரிவடிவை மட்டும் நிறுத்துவது மொழியியலாளர் பகுப்பாய்வில் செய்வது. அதனை ஓர் ஓவியர் தூரிகையால் செய்தார்.

இதனை மறைபொருள் மொழியாகக் கொண்டு, ஒவ்வொரு குறிக்கும் தாந்திரிகப் பொருள் காண முயன்றோரும் உண்டு. அது தேவையற்ற உழைப்பு. பொருள் காண முடியாமையே அவ்வோவியங்களின் அமைப்பு. திறவுகோல் ஒன்று எங்கோ ஒளிந்திருப்பதாகக் கொண்டால் அவ்வமைப்பு குலையும். ஹரிதாசன் போன்றோர் தாந்திரிக வடிவியலை நேரடியாகக் கையாண்டனர் என்பது உண்மை. அவர்களுடைய நோக்கு வேறு.

சுல்தான் அலியின் ஓவியங்களிலும் எழுத்துப் போன்ற கீறல்கள் உருவங்களைச் சூழ்ந்து நிற்கின்றன. பழங்குடியினர் கலையில் அவர் கொண்ட ஈடுபாட்டின் வெளிப்பாடாக அவ்வுருவங்கள் அமைந்தவை. பணிக்கரிடம் எழுத்து சுவடியை நினைவூட்டும். சுல்தான் அலியிடம் சுவரை. வெவ்வேறு தாய்மொழிப் பின்னணி கொண்ட இருவரும் எந்த மொழியையும் சாராத எழுத்தை நாடியது ஒரே சூழலின் விளைவு எனக் கருத இடமுண்டு. பல மொழியர் கூடிய ஊரில் எந்த ஒரு மொழியில் எழுதினாலும் சிலர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். யாராலும் படிக்க முடியாத எழுத்தின் முன் எல்லோரும் சமம்.

இவ்வரிசையின் தலைப்பைத் தமிழாக்குவதில் கவனம் வேண்டும். 'குறியீடு' என்னும் சொல் இலக்கியத் திறனாய்வில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்தும் உத்திக்கு உரியதாகிவிட்டது. 'சொற்களும் குறியீடுகளும்' எனப் பெயர்த்தால், இவை எதையோ உணர்த்துகின்றன என்னும் எதிர்பார்ப்பு தலைப்பிலேயே ஏறிவிடும். 'சின்னம்' என்றால் தேர்தல் நினைவு வரும். 'குறி' அளவில் நிறுத்துவது நல்லது. 'சொற்கள்' என்பதிலும் இடர் உண்டு: ஓவியத்தில் சொல்லே இல்லை, எழுத்துதான் உள்ளது. ஆனால் அது பணிக்கர் தாமே வைத்த முரண், மொழிபெயர்ப்பாளர் திருத்தலாகாது.

பெயர்ப்பின் பெயர்ப்பு

உலோகச் சிற்பங்களின் தலைப்புகள் வேறுவகைச் சிக்கலைத் தருகின்றன. ஜானகிராம் (1930-1995) செப்புத் தகட்டை அடித்து, மடித்து, கம்பிகளைப் பற்றவைத்துக் கணபதி, கிறித்து, அரசர், அரசி முதலிய உருவங்களைச் செய்தார். முன்பக்கம் நின்று காண்பதற்கே உரியவை அவை. கருவறைத் திருமேனியையும் கவசத்தையும் நினைவூட்டுபவை. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946-2017) செம்பும் பித்தளையும் கொண்டு இம்முறையை மேலும் விரித்தார். நடுகல் என்னும் கருத்தும் அவர் கலையில் இடம்பெற்றது.

நடுகல்லைக் குறிக்க ஆங்கிலத்தில் 'வீரன்' என்னும் சொல்லும் 'கல்' என்னும் சொல்லும் சேர்ந்த தொடர் வழங்குகிறது. அதனைத் தமிழுக்குக் கொணரும் இதழாளர் 'வீரக்கல்' என எழுதுவர். கன்னடத்தில் 'வீரகல்லு' என்பதே வழக்கு. அவ்வகையில் இது தவறன்று. ஆயினும் சங்கப்பாட்டு முதல் தமிழுக்கு உரிய சொல் நடுகல். வீரத்தைச் சொல்லாமல், நட்ட செயலை மட்டும் சொல்லும் பெயர் அது. உலோகத் தகட்டால் செய்து நிறுத்திய உருவத்துக்கு அப்பெயர் பின்னும் பொருந்துகிறது. 'உழைப்பாளர் சிலை'யில் கண்டதைப் போல, இங்கும் 'கல்' என்பது பொருளை விட்டு வடிவத்துக்கு உரியதாகிறது. ஆங்கிலத் தலைப்பை நேராகப் பெயர்ப்பவருக்கு இது கிட்டாது. தலைப்புக்குப் பின்னே உள்ள மரபை அறிந்தவர்க்கே கிட்டும்.

இயக்கத்தின் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் இவ்வோவியரின் பணி 'மெட்ராஸ் இயக்கம்' எனப்படுகிறது. 1996இல் நகரின் ஆங்கிலப் பெயர் மாற்றப்பட்ட பின்னரும் இத்தொடர் மாறவில்லை. தமிழிலோ நகரத்துக்கு அதற்கு முன்பும் சென்னை என்றே பெயர். ஆகவே தமிழில் 'சென்னை இயக்கம்' என்பதே இயல்பு. ஆனால் 'மெட்ராஸ்' என்னும் சொல் நகரத்தை மட்டும் குறிக்கவில்லை; மலையாள, தெலுங்கு, கன்னடப் பகுதிகளையும் உள்ளடக்கிய பழைய மாகாணத்தின் சாயலும் அதில் உண்டு. அச்சாயல் சென்னை என்பதில் இல்லை. ரெட்டெப்ப நாயுடுவும் பணிக்கரும் 'சென்னை' ஓவியர் என்பதைவிட 'மெட்ராஸ்' ஓவியர் என்பது வரலாற்றுக்கு நெருங்கியது.

தமிழ் எழுத்துலகுக்கும் இவ்வோவியருக்கும் உறவே இல்லை என்பது பொருந்தாது. 1970இல் தொடங்கிய 'கசடதபற' போன்ற சிற்றிதழ்கள் வழியே சென்னைக் கலைக்கல்லூரியில் பயின்ற ஓவியர் தமிழ் வாசகரை வந்தடைந்தனர். அவர்களுள் கே. எம். ஆதிமூலம் (1938-2008) தலையாயவர். கி. ராஜநாராயணன் முதலியோர் எழுத்துக்கு அவர் வரைந்த கோட்டோவியங்கள் பல்லாயிரவர் கண்ணில் பட்டவை. 'கோட்டோவியம்', 'அரூப ஓவியம்' போன்ற சொற்கள் நடைமுறைக்கு வந்ததில் சிற்றிதழ்களுக்குப் பங்குண்டு. கூர்ந்து நோக்கினால் இது அச்சிட்ட பக்கத்தின் வழியே ஏற்பட்ட உறவு. இஞ்சம்பாக்கத்து மரநிழலில் நிற்கும் சிற்பத்துக்கு அது எட்டவில்லை.

பணிக்கரின் ஓவியங்களில் குறிப்பிடத்தக்க பகுதி திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் அமைந்த கூடத்தில் உள்ளது. மலையாளத்தில் அவரைப்பற்றிய எழுத்து வளர அது துணைசெய்தது. சோழமண்டலத்து அருங்காட்சியகம் அமைந்ததோ அவர் மறைந்து 32 ஆண்டுகள் கழித்து. அதற்குள் நிறுவியோர் பலரும் இல்லை. சிலர் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட்டனர். விஸ்வநாதன் 1960களின் இறுதியிலேயே பாரிஸ் சென்றார். வாசுதேவ் பெங்களூரில் குடியேறினார். தத்தம் படைப்பின் தலைப்பைத் தமிழில் எவ்வாறு சொல்வது எனக் கேட்டறியக்கூடிய காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. நந்தகோபாலும் 2017இல் மறைந்தார்.

ராமானுஜத்திடம் (1941-1973) அவ்வாறு கேட்டிருக்கவும் இயலாது. பேச்சுத் தடையால் துன்புற்ற அவர், குடியிருப்பிலேயே வாழ்ந்து, 32ஆம் அகவையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மையும் பேனாவும் கொண்டு அவர் வரைந்த கனவு மாளிகைகள், கோபுரங்கள், சிறகுடைய விலங்குகள், அவற்றினிடையே தொப்பி அணிந்து தோன்றும் அவருடைய உருவம் ஆகியன இத்தொகுப்பு சார்ந்த கலையில் எளிய பார்வையாளரும் கதையாகப் படிக்கக்கூடியவை. மக்கள் பெயரிடத்தக்க படைப்புகள் இங்கு உண்டென்றால் அவை இவையே. அவற்றுட் பல, பட்டியல்களில் தலைப்பின்றியே இடம்பெறுகின்றன. ஆங்கிலப் பட்டியல் அதற்கென வைத்திருக்கும் ஒற்றைச் சொல்லைச் சிலர் 'பெயரற்றது' எனவும், சிலர் 'தலைப்பிடப்படாதது' எனவும் பெயர்க்கின்றனர். முன்னது படைப்பின் இயல்பைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. பின்னது ஒருவர் செய்யாது விட்ட செயலைச் சொல்கிறது. ராமானுஜத்தின் ஓவியங்களுக்குப் பின்னதே பொருந்தும்.